கார்த்திகையில் காணி அளக்கப் போகாதீர்கள்: தாயகத்தின் மழையும் காற்றும்

ஊருக்குப் போகப் பயணச்சீட்டு எடுத்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இப்போது அங்கே மழையா, வெயிலா?" என்பதைத்தான். இலங்கை முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இந்தக் கேள்விக்கு இல்லை. ஆடி மாதத்தில் ஹற்றன் பக்கம் நாள் முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் அதே கிழமையில், மட்டக்களப்பில் கச்சான் காற்று உடலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வீசும், யாழ்ப்பாணத்தில் வீதி மணல் வெறுங்காலைச் சுடும். ஆகவே எந்த மாதம் போகிறீர்கள் என்பதோடு, எந்தக் கரைக்கு, மலையின் எந்தப் பக்கத்துக்கு, என்ன காரியமாகப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நான் அப்படி யோசிக்காமல் போனேன். பதினாறு நாள் விடுமுறை முழுவதையும் வெள்ளத்துக்கும் கந்தோர்களுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பிய பின்னரே இதை எழுதுகிறேன்.

வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை, டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, மார்ச்சும் ஏப்ரலும் முதலாவது இடைப்பருவம், ஒக்ரோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். வடகீழ்ப் பருவம் டிசெம்பரில்தானே தொடங்குகிறது, நவம்பர் நடுவில் போய் டிசெம்பர் பிறந்தவுடன் திரும்பிவிட்டால் மழைக்கு முன்னரே காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் ஆண்டிலேயே அதிக மழை பெய்வது நவம்பரில்தான். வங்காள விரிகுடாவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழமுக்கங்கள் உருவாகும் காலம் அது. பருவக்காற்று முறைப்படி தொடங்கும்வரை அவை காத்திருப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசிக் கேட்டு வளர்ந்தவன் நான். இருபத்தாறு ஆண்டு வெளியே இருந்துவிட்டு, அந்தப் பேச்சை மறந்து அட்டவணையை நம்பினேன்.

ஊரில் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களை மீண்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவை உண்மையிலேயே பயன்படும். சோளகம் தென்மேற்கிலிருந்து வருவது. அது கடலின் ஈரத்தையெல்லாம் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கங்களிலும் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டிக் கீழிறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடுகிறது. கிழக்கில் கச்சானாக வீசுவது இந்த உலர்ந்த காற்றுத்தான். மாரியில் எதிர்த்திசையிலிருந்து வாடை வரும்போது வடக்கும் கிழக்கும் மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளும் நனைகின்றன, மேற்குக் கரை வெளிக்கிறது. நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் பிள்ளைகளைக் கடலில் இறக்க ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரையான காலமே நல்லது. தென்மேற்குக் கரையில் டிசெம்பர் முதல் மார்ச் வரை. நத்தார் விடுமுறையில் மட்டக்களப்புக்குப் போகிறவர்கள், அங்கே மழை யாழ்ப்பாணத்தைவிடப் பிந்தி, டிசெம்பரிலும் சனவரியிலும் உச்சம் கொள்ளும் என்பதை அறிந்தே போக வேண்டும். வாவி நிரம்பி முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடும் செய்தி வருவதும் அந்த நாட்களில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அப்பாவின் காணி எங்கள் மூவருக்கும் பொதுவாகக் கிடந்தது. அக்காவின் மகளுக்குத் தையில் கலியாணம் பேசியிருந்தார்கள். மார்கழியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கமாட்டார்கள் என்பதால், காணியைப் பிரித்துப் பிள்ளையின் பங்கைக் கார்த்திகை முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். "நீ வந்து கையெழுத்து வைச்சால் போதும் தம்பி, மிச்சம் எல்லாம் ஆயத்தம்" என்று தொலைபேசியில் சொன்னார். கலியாண நாட்காட்டிக்கும் மழை நாட்காட்டிக்கும் எவ்வளவு தூரம் என்று அக்காவுக்குத் தெரியாமல் இராது. ஆனால் நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லி வராமல் விட்டுவிடுவேன் என்ற பயம் அவருக்கு இருந்தது. அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்கு நான் போகவில்லை. அதை அவர் ஒருநாளும் என்னிடம் எடுத்துச் சொன்னதில்லை, ஆகையால் மறுத்துப் பேச என் வாயும் எழவில்லை.

நான் இறங்கிய மூன்றாம் நாள் தாழமுக்கம் ஒன்று கரையை நெருங்கியது. 1964 டிசெம்பரில் வடக்கைக் கடந்து தனுஷ்கோடியை அழித்ததைப் போலவோ, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததைப் போலவோ பெரும் புயல் அன்று. பெயர்கூட வைக்கப்படாத வெறும் தாழமுக்கம். அறிக்கையில் "சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று இருந்தது. 100 மில்லிமீற்றர் என்பது நாலு விரற்கடைக்குச் சற்று மேல்தானே என்று கடந்து போய்விட்டேன். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியானால் 100 மில்லிமீற்றர் மழையில் ஒரு பரப்பில் மட்டும் 25,000 லீற்றருக்கு மேல் விழுகிறது. எங்கள் வளவு நாலு பரப்பு. ஓரிரவில் ஒரு இலட்சம் லீற்றர் தண்ணீர் அந்த வளவுக்குள் இறங்கிற்று. ஓடிப்போக ஆறில்லாத தட்டை நிலம் அது. குளத்துக்குப் போகும் வாய்க்கால்தான் அதற்குரிய ஒரே வழி.

காலையில் பார்த்தபோது கிணற்றுக்கட்டு மாத்திரமே தெரிந்தது. அளக்க வரவிருந்த நில அளவையாளர் படலையோடு நின்று, "தம்பி, இந்த வெள்ளத்துக்குள்ள எந்தக் கல்லைக் கண்டுபிடிச்சு அளக்கிறது?" என்று கேட்டார். எல்லைக்கற்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தன. வரைபடம் இல்லாமல் நொத்தாரிசு காணி உறுதி எழுதமாட்டார். எழுதுவதற்கு முன்னர் கந்தோரில் பெற வேண்டிய பத்திரங்களையாவது எடுத்து வைப்போம் என்று புறப்பட்டேன்.

முதல் நாள் போனபோது உரிய உத்தியோகத்தர் இல்லை. வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்திருந்தார்கள், அவர்களுக்குச் சமைத்த உணவு கொடுக்கும் வேலையில் அலுவலர் பாதிப்பேர் போயிருந்தார்கள். இரண்டாம் முறை மின்சாரம் இல்லை, பிரதி எடுக்க முடியவில்லை. அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. இதையும் சொல்லி வைக்கிறேன்: ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரச விடுமுறை, பயணத் திகதி குறிக்கும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சனி, ஞாயிறு. மூன்றாம் முறை போய் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்த பின், அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதாகவும் அதற்குச் சத்தியக்கடதாசி வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் குரலை உயர்த்தினேன். எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறேன் தெரியுமா என்று, சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

மேசைக்கு அப்பால் இருந்த பெண்மணி பதில் சொல்லவில்லை. எழுந்து, கீழ்த்தட்டில் இருந்த கோவைக் கட்டுகளை ஒவ்வொன்றாக மேல்தட்டுக்கு மாற்றத் தொடங்கினார். தரையில் ஊறி வந்த தண்ணீர் அடித்தட்டை எட்டியிருந்தது. அவருடைய சேலைக் கரை முழங்கால்வரை சேற்று நிறமாக இருந்தது. தன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதால் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுத்தான் அவர் வந்திருந்தார் என்பதைப் பின்னர் வெளியில் நின்ற காவலாளி சொல்லி அறிந்தேன். அந்தக் கட்டுகளில் எங்கள் ஊர்க்காரர் எத்தனையோ பேரின் காணிகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து சண்டை பிடிக்கிறவர்களின் காணிகளும் அவற்றுள் இருந்தன. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்க நினைத்தேன், அன்று வீதியில் இடுப்பளவு தண்ணீர்.

வெள்ள நாட்களில் போக்குவரத்துப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள் என்று செய்தி வந்தால், கண்டாவளைப் பக்கத்து உறவினரைப் பார்க்கும் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். கடல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. தீவுக்குள் போய்விட்டு விமானம் ஏறும் நாளில் திரும்பி வரலாம் என்று ஒருபோதும் எண்ண வேண்டாம். வெள்ளம் வற்றிய பின் கிணற்று நீரைக் குளோரின் இடாமலும் கொதிக்க வைக்காமலும் குடிக்காதீர்கள். சுண்ணக்கல் நிலத்தில் மேலே உள்ள அழுக்கு விரைவாகக் கீழே இறங்கிவிடும்.

மலைநாட்டை நாங்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணமாக மட்டுமே நினைத்து வைத்திருக்கிறோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சனவரி, பெப்ரவரியில் வானம் வெளித்த இரவுகளில் வெப்பநிலை மிகவும் தாழ்ந்து, விடியலில் புல்மீது உறைபனி படியும். சூன், சூலையில் ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, மறுபுறத்தில் பண்டாரவளை உலர்ந்து காற்றோட்டமாக இருக்கும். நவம்பர், டிசெம்பரில் வாடைப் பக்கத்து மழை ஊவாச் சரிவுகளை நனைக்கும். அந்த நாட்களில் பதுளைப் பாதையில் போகிறவர்கள், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் போகக்கூடாது. அது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். மஞ்சள் என்றால் விழிப்போடிருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்ரோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசைகளை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடெங்கும் சரிவுகள் இறங்கின. நாங்கள் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் அதே சரிவுகளின் அடியில்தான் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இரவில் படுத்துறங்குகின்றன. உங்களை ஏற்றிச் செல்லும் சாரதி மழைக்குள் ஓட மறுத்தால், அறைக்குக் கட்டிய முற்பணத்தை நினைத்து அவரை வற்புறுத்தாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலையை அறியக் கைப்பேசியில் வரும் முகில் படத்தை நம்புவதைவிட, திணைக்களத்தின் தமிழ் அறிக்கையை முழுதாக வாசியுங்கள். மாகாணமும் மாவட்டமும் பெயர் சொல்லி வரும். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு என்று கடலுக்கும் தனியாக வரும். மார்ச், ஏப்ரலில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று எழுதியிருந்தால், காலையில் வெளி வேலைகளை முடித்துவிட்டு மின்னல் நேரத்தில் வீட்டுக்குள் இருக்கலாம். காணி, உறுதி, அளவை என்று போகிறவர்களுக்கு மாசி, பங்குனியும் ஆனி, ஆடியும்தான் ஏற்ற காலம். கையெழுத்து மாத்திரம் தேவையென்றால், நீங்கள் வாழும் நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில், உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன்.

திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர் பக்கத்து வளவுச் சின்னம்மா வேலியோடு வந்து நின்றார். சிறு வயதில் அம்மா தோட்டத்துக்குப் போகும் நாட்களில் எனக்குச் சோறு தந்தவர். அவருடைய அடுக்களைக்குள் ஐந்து நாளாகத் தண்ணீர், எங்கள் வளவில் நின்றதைவிட உயரமாக நின்றது. "முந்தி உங்கடை வேலிக்கால போய்க் குளத்தில விழும் தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன், கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்ட நான்தான் பணம் அனுப்பியிருந்தேன். அத்திவாரத்தை ஆழமாகப் போடச் சொன்னதும் நான்தான். அந்த மூலையால் ஒரு வாய்க்கால் போயிற்று என்பது எனக்கு நினைவிருக்கவில்லை. கடதாசிக் கப்பல் விட்டு விளையாடிய வாய்க்கால் அது.

அலவாங்கை எடுத்துப் போய் மதிலின் அடியில் நாலு கல்லை உடைத்தோம். தண்ணீர் முதலில் மண்ணிறமாக, பிறகு கறுப்பாகச் சத்தமிட்டுக்கொண்டு ஓடிற்று. மாலைக்குள் சின்னம்மாவின் அடுக்களைச் சுவரில் ஈரக்கோடு ஒரு சாண் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்து நின்றன. காணி தையில் அளக்கப்பட்டது, கலியாணமும் நடந்தது, இரண்டையும் நான் தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். மதிலில் உடைத்த இடத்தைப் பூசிவிடட்டுமா என்று அக்கா கேட்டார். அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன்; ஆடியில் நிலம் காய்ந்திருக்கும்போது போய், அந்த இடத்தில் குழாய் வைத்து, குளம்வரை வாய்க்காலைத் தோண்டிக் கொடுக்க இப்போது விடுமுறை கேட்டிருக்கிறேன்.