சணலுக்குப் பின் நெல்: இரு பயிருக்கும் சேர்த்து உரக் கணக்கு போடுவது எப்படி?

சணலை அறுத்த வயலில் அதே மழைக்காலத்திலேயே நெல் நடும் வழக்கம் மேற்கு வங்கம், அசாம், பீகாரின் கிழக்கு மாவட்டங்கள், வங்காளதேசம் ஆகிய பகுதிகளில் பரவலாக உள்ளது. இத்தகைய வயலுக்கு உரப் பரிந்துரை தேடினால் சணலுக்கு ஓர் அட்டவணையும் நெல்லுக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு பயிருக்கு இட்ட உரத்தில் அடுத்த பயிருக்கு எவ்வளவு மிஞ்சும், எந்தச் சத்து மிஞ்சாமல் வயலைவிட்டு வெளியேறும் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அந்த இணைப்பை நானே போட்டுப் பார்த்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உழவு, விதைப்பு, களையெடுப்பு ஆகியவை வாசகருக்குத் தெரிந்தவை என்று எடுத்துக்கொண்டு அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன்.

படி 1: மண் மாதிரி எடுத்தல்

சணலுக்கு உழுவதற்கு முன், வயல் காய்ந்து கிடக்கும்போது மாதிரி எடுக்க வேண்டும். ஒரே தன்மையுள்ள நிலப்பகுதியில் 10 முதல் 15 இடங்களில், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, கால் பங்கீட்டு முறையில் (குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்குகளை நீக்குவது) அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடவும். உரம் வந்த சாக்கில் மண்ணை வைக்கவே கூடாது. சாக்கில் ஒட்டியிருக்கும் தூளே முடிவை மாற்றிவிடும்.

படி 2: மண்வள அட்டையைப் படித்தல்

இந்தியாவில் 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி 12 அளவீடுகள் தரப்படுகின்றன. எனது அனுபவத்தில், இந்தச் சுழற்சிக்கு முதலில் பார்க்க வேண்டியவை கார அமில நிலை (pH), அங்ககக் கரிமம் (மக்கிய பொருளில் உள்ள கார்பன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஆகிய நான்குதான். தழைச்சத்து (நைட்ரஜன்) எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று அட்டை சொல்லும். பெரும்பாலான வயல்கள் அந்த வரிசையில்தான் வரும், ஆகவே அது புதிதாக எதையும் அறிவிப்பதில்லை. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சணல் விதைப்புக்கு முன் ஹெக்டேருக்கு 5 டன் தொழு உரம் இட வழி தேடுவது அதைவிடப் பயனுள்ள முடிவு.

மணிச்சத்து எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை அளக்க ஆய்வகங்களில் அமில மண்ணுக்குப் பிரே முறையும், நடுநிலை மற்றும் கார மண்ணுக்கு ஓல்சன் முறையும் பயன்படுத்தப்படுகின்றன. ஒரு முறையில் வந்த எண்ணை மற்றொரு முறையின் அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் பொருந்தாது. எந்த முறை என்று ஆய்வகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கார அமில நிலை 5.5க்கும் கீழே இருந்தால் சணலுக்குச் சுண்ணாம்பு தேவைப்படும். விதைப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே, ஆய்வகம் சொல்லும் அளவில் இட வேண்டும். நெல்லுக்காகத் தனியே சுண்ணாம்பு இட வேண்டிய அவசியம் பொதுவாக எழாது. ஏனெனில், நீர் தேங்கிய சில வாரங்களில் அமில மண்ணின் நிலை தானாகவே நடுநிலையை நெருங்கிவிடுகிறது. ஆகவே சுண்ணாம்புச் செலவைச் சணலின் பெயரிலேயே எழுதிவிடலாம்.

படி 3: சத்தைக் கிலோ உரமாக மாற்றுதல்

தொடங்குபவர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் நெடுநேரம் பிடித்த இடம் இது. சணலுக்கு ஹெக்டேருக்கு 80:40:40 என்று ஒரு பரிந்துரை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவை தழை, மணி, சாம்பல் சத்துகளின் கிலோ அளவுகள். உர மூட்டையின் அளவுகள் அல்ல. அதோடு, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இங்கே ஆக்சைடு வடிவில் (P₂O₅, K₂O) சொல்லப்படுகின்றன. உங்கள் ஆய்வு முடிவு அல்லது ஏதாவது ஒரு கட்டுரை தனிமப் பாஸ்பரசாகச் சொன்னால் 2.29 ஆலும், தனிமப் பொட்டாசியமாகச் சொன்னால் 1.2 ஆலும் பெருக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

கணக்கை எப்போதும் மணிச்சத்திலிருந்து தொடங்குங்கள், யூரியாவிலிருந்து அல்ல. டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் 46 சதவீதம் மணிச்சத்தும் 18 சதவீதம் தழைச்சத்தும் உள்ளன. 40 கிலோ மணிச்சத்துக்கு 40 ÷ 0.46 = 87 கிலோ டிஏபி வேண்டும். அந்த 87 கிலோவுடன் ஏறத்தாழ 15.7 கிலோ தழைச்சத்தும் சேர்ந்தே வயலுக்குப் போய்விடுகிறது. ஆகவே யூரியா தர வேண்டியது 80 அல்ல, 64.3 கிலோ மட்டுமே. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 64.3 ÷ 0.46 = 140 கிலோ யூரியா. இந்தக் கழித்தலைச் செய்யாமல் நேரடியாக 80ஐ வகுத்தால் 174 கிலோ வரும்; 34 கிலோ யூரியா தேவையின்றி வயலில் விழும். சணலில் தழைச்சத்து மிகுந்தால் செடி பார்வைக்குச் செழிப்பாக நிற்கும், ஆனால் தண்டு மென்மையாகித் தண்டழுகல் நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் உரத்தில் 60 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 40 ÷ 0.60 = 67 கிலோ.

டிஏபிக்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட் கிடைத்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். அதில் மணிச்சத்து 16 சதவீதம்தான் என்பதால் 250 கிலோ சுமக்க வேண்டியிருக்கும், ஆனால் அதோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் செலவின்றிக் கிடைக்கின்றன. தழைச்சத்து அதில் இல்லாததால், அப்போது யூரியா முழு 174 கிலோவாகவே இருக்கும்.

பரப்பளவை மாற்றும்போதும் கவனம் தேவை. மேற்கு வங்கத்தில் ஒரு பிகா என்பது 33 சென்ட். எனவே ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 7.5 பிகா. பீகாரில் பிகாவின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதால், அங்கே முதலில் சென்டில் அளந்துகொள்வது நல்லது.

படி 4: சணலுக்கு இடுதல்

டிஏபி முழுவதையும் பொட்டாஷ் முழுவதையும் அடியுரமாக இடவும். மணற்பாங்கான நிலத்தில் மட்டும் பொட்டாஷை இரண்டாகப் பிரிக்கலாம். யூரியாவை இரு சம பங்காக்கி, முதல் களையெடுத்துப் பயிர் கலைத்த பின் மூன்றாம் வாரத்தில் ஒரு முறையும், ஆறாம் வாரத்தை ஒட்டி மற்றொரு முறையும் இட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், இலையில் ஈரம் இருக்கக் கூடாது.

படி 5: இரு பயிர்களுக்கு இடையில் நிகழ்வது

சணல் வளரும்போதே கீழ் இலைகளை உதிர்த்துக்கொண்டிருக்கும். அறுத்த கட்டுகளை மூன்று நான்கு நாள் வயலிலேயே நிறுத்தி வைத்தால் எஞ்சிய இலைகளும் அங்கேயே உதிரும். நெல் நடவுக்கு முன் பசுந்தாள் உரப்பயிர் வளர்க்க நாள் கிடைக்காத இந்தச் சுழற்சியில், அந்தச் சருகுதான் பசுந்தாளின் வேலையைச் செய்கிறது. நார் உரிப்பதற்காக ஊறவைக்கக் கட்டுகளை அன்றே குளத்துக்கு இழுத்துச் செல்லும் அவசரத்தில் இதை இழக்க வேண்டாம்.

சாம்பல் சத்தின் கதை வேறு. அது செடியின் சாற்றில் கரைந்த நிலையில் இருப்பதால் ஊறவைக்கும்போது பெரும்பகுதி குளத்து நீரில் இறங்கிவிடுகிறது; உரித்த குச்சியோ அடுப்புக்கும் வேலிக்கும் போகிறது. பின்னர் வரும் நெல்லிலும் செடி எடுத்த சாம்பல் சத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. சணல் தண்டும் வைக்கோலும் இரண்டுமே வெளியேறும் வயலில், அட்டை 'நடுத்தரம்' என்று காட்டினாலும் நான் பொட்டாஷைக் குறைக்க மாட்டேன். வண்டல் மண்ணின் களிமண் தாதுக்கள் தம்முள் பூட்டி வைத்திருக்கும் சாம்பல் சத்தைச் சிறிது சிறிதாக வெளியிட்டு இழப்பைப் பல ஆண்டுகள் மறைத்துவிடும் என்பதே காரணம். குளம் வற்றியதும் அடிச்சேற்றை எடுத்து வயலில் பரப்ப முடிந்தால், ஒரு பகுதியாவது திரும்பி வரும்.

படி 6: நெல்லுக்கு இடுதல்

நீர் தேங்கிய மண்ணில் இரும்போடு பிணைந்திருக்கும் மணிச்சத்து விடுபட்டு வேருக்குக் கிடைக்கிறது. சணலுக்கு இந்த வாய்ப்பு இல்லை. எனவே மணிச்சத்துச் செலவைச் சணலின் மீது முழுமையாக வைத்து, மண்ணில் அது நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் நெல்லுக்குப் பாதியாகக் குறைப்பதே இந்த முறையின் மையம். 'குறைவு' என்று வந்த வயலில் இதைச் செய்ய வேண்டாம்.

மணிச்சத்தைப் பாதியாக்கி, நெல்லுக்கு 80:20:40 என்று எடுத்துக்கொண்டால் டிஏபி 43.5 கிலோ, யூரியா 157 கிலோ, பொட்டாஷ் 67 கிலோ வரும். கடைசிச் சேற்றுழவின்போது நீரை வடித்துவிட்டு டிஏபி முழுவதையும், 26 கிலோ யூரியாவையும், பாதிப் பொட்டாஷையும் சேற்றில் கலந்துவிட வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் 87 கிலோ யூரியா. கதிர் உருவாகத் தொடங்கும்போது எஞ்சிய 44 கிலோ யூரியாவும் மீதிப் பொட்டாஷும். துத்தநாகக் குறை இருந்தால் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை நடவுக்கு முன் தனியாக இடவும். மணிச்சத்து உரத்தோடு கலந்து இட்டால் இரண்டின் பயனும் குறையும்.

மேலுர நாளை நாட்காட்டியைவிட இலை வண்ண அட்டையை (இலையின் பச்சை நிறத்தோடு ஒப்பிட நிறப் பட்டைகள் கொண்ட அட்டை) பார்த்து முடிவு செய்வதையே நான் விரும்புகிறேன். முழுதாக விரிந்த இளம் இலையை, பத்துச் செடிகளில், உடலின் நிழல் படும்படி நின்று, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் பார்க்க வேண்டும். ஆறு இலைகளாவது வரையறுத்த நிறத்தைவிட வெளிறியிருந்தால் உரமிடும் நேரம் வந்துவிட்டது. நான்கு நிற அட்டையும் ஆறு நிற அட்டையும் புழக்கத்தில் இருப்பதால், ஒன்றுக்குச் சொன்ன வரையறை எண்ணை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது.

பிற்சேர்க்கை

வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பின் மூன்றைச் சேர்க்கிறேன்.

தங்கள் பகுதியில் 10:26:26 காம்ப்ளக்ஸ் (மூன்று சத்துகளும் சேர்ந்த கலப்பு உரம்) மட்டுமே எளிதில் கிடைக்கிறது என்றால், சணலின் 80:40:40க்கு அது மிகப் பொருத்தமானது. 154 கிலோ இட்டால் மணியும் சாம்பலும் ஒருங்கே நிறைவடையும், தழைச்சத்து 15.4 கிலோ கிடைக்கும், யூரியா மீண்டும் 140 கிலோவுக்கே வந்து நிற்கும். தனியே பொட்டாஷ் வாங்க வேண்டியதில்லை.

யூரியாவை மூட்டைக் கணக்கில் இடுபவர்கள், இந்தியாவில் 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோ என்பதை நினைவில் கொள்ள வேண்டும். டிஏபியும் பொட்டாஷும் 50 கிலோ மூட்டைகளே. 140 கிலோ என்பது மூன்று மூட்டைக்குச் சற்று மேல்.

சணலுக்கு முன் உருளைக்கிழங்கு எடுத்த வயலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கிழங்குக்குத் தாராளமாக இட்ட மணியும் சாம்பலும் அங்கே மீதம் இருக்கும். கிழங்கு தோண்டிய பிறகு மாதிரி எடுத்து, மணிச்சத்து 'மிகுதி' என்று வந்தால் சணலுக்கு டிஏபியை நிறுத்திவிட்டுத் தழைச்சத்தை யூரியாவாக மட்டும் கொடுக்கலாம். அப்போது அடியுரமாக வரவேண்டிய 15 கிலோ தழைச்சத்து விடுபட்டுப் போகும் என்பதால், விதைப்பின்போது 33 கிலோ யூரியாவைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.