தேவாங்கைத் தேடி இரவில் நடப்பது எப்படி?

ஒல்லிப் பிள்ளைகளைத் "தேவாங்கு" என்று திட்டும் ஊரில் வளர்ந்தவள் நான். அந்தப் பிராணியை நேரில் பார்த்ததோ ஐம்பத்திரண்டு வயதில், பெங்களூரில்தான். கன்னடத்தில் இதற்குக் காடுபாப்பா என்று பெயர். காட்டுக் குழந்தையாம், என்ன மரியாதை பாருங்கள்! இந்திய அறிவியல் கழகம், ஜி.கே.வி.கே. என்னும் வேளாண் பல்கலைக்கழக வளாகம் போன்ற பழைய மரங்கள் மிஞ்சிய இடங்களில் இன்னும் இருக்கிறது. ஆய்வாளர் காபேரி கர் குப்தா 2014-ல் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு நகரத் தேவாங்குகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். அப்படித்தான் என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகளும் இரவில் மரத்தடியில் நிற்கப் பழகினோம்.

முதலில் அனுமதி, அதுவும் எழுத்தில். ஒரு வளாகத்தில் வாய்மொழிச் சம்மதத்தை நம்பிப் போனோம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களைத் தேங்காய்த் திருடர்கள் என்று காவலர் அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டார். தலையில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு யார் ஐயா தேங்காய் திருடுவார்கள்?

அந்த விளக்குதான் முக்கியம். தலையில் மாட்டும் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் வளையம் போடுங்கள். வெள்ளை வெளிச்சம் அதன் பெரிய கண்களைக் கூசச் செய்யும். கையில் டார்ச்சைப் பிடித்துத் தேடுவது வீண் வேலை. தேவாங்கின் விழிக்குள் இருக்கும் ஒளி திருப்பும் படலம், வெளிச்சத்தை வந்த வழியிலேயே அனுப்புகிறது. விளக்கு நம் கண்ணருகே இருந்தால்தான் அந்த மினுக்கம் நமக்குத் தெரியும். நான் இதைப் புரிந்துகொள்ள மூன்று இரவுகள் ஆயின.

இருட்டிய பிறகு இருவராகக் கிளம்புங்கள். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் இதில் தேற மாட்டார்கள். பச்சையாக மின்னினால் பெரும்பாலும் பூனை. ஆரஞ்சுக் கனல் போல் இரண்டு புள்ளிகள் நெருக்கமாக, நேராக நம்மைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். நான் முதலில் கண்டது புங்க மரத்தில். கால் கிலோகூடத் தேறாத உடம்பு, வாலே இல்லை. பின்னங்கால்களால் கிளையைப் பற்றியபடி உடம்பை நீட்டி, இரண்டு கைகளாலும் ஒரு பூச்சியை லபக்கென்று பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றது. அவ்வளவு நிதானமாக நான் என் வீட்டில் சாப்பிட்டதில்லை.

நேரம், மரம், தரையிலிருந்து உயரம், பாதையிலிருந்து தூரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். படம் கிடைத்தாலும் எந்த மரம், எந்தத் தெரு என்று வெளியில் சொல்லாதீர்கள். மாந்திரீகத்துக்கென்று இதைத் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

ஒன்றும் தென்படாத இரவையும் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். "பார்த்ததை மட்டும் கொடுத்தால் எனக்குப் பாதிக் கணக்குதான் கிடைக்கும் அக்கா" என்று எங்கள் குழுவின் ஆய்வாளர் பெண் அலுத்துக்கொள்வாள். வரவு மட்டும் எழுதிய பேரேட்டை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேனே!

தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையோடு கிளை தொட்டால்தான் அடுத்த மரம். எங்கள் பாதையில் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்கும் புங்க மரத்துக்கும் இடையிலிருந்த கிளையை மின்கம்பிக்காக வெட்டினார்கள். அதற்கு முந்தைய ஐந்து நடைகளில் நான்கில் அங்கே தேவாங்கு. பிந்தைய ஆறிலும் பூஜ்யம். அந்தத் தாளைத்தான் தோட்டப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு முறை படித்துவிட்டு, வெட்டவேண்டிய மரங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு எங்களோடு நடக்க வந்தார்.