பிள்ளை உறவைத் துண்டிக்க நினைக்கும்போது: சைன்டாலஜியில் சேர்ந்தவரின் குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரும் வீடியோ அழைப்புக்காகக் காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோர் மும்பையில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும், ஏராளம். அந்த அழைப்பு மெல்லக் குறைந்து, பின்பு ‘என் முன்னேற்றத்துக்கு நீங்கள் தடையாக இருக்கிறீர்கள்’ என்ற தொனியில் ஒரு மின்னஞ்சல் வந்து, பிள்ளை சைன்டாலஜி என்ற அமெரிக்க மத அமைப்பில் சேர்ந்திருப்பது அதன் பிறகே தெரியவந்தால் குடும்பத்தார் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை எதிரி என்று முத்திரை குத்தக் காரணம் தேடப்படும் நேரத்தில், அந்தக் காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்காமல் இருப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம்.

அந்த அமைப்பின் விதிகளைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அமெரிக்க எழுத்தாளர் எல். ரான் ஹப்பர்ட் 1950இல் வெளியிட்ட ‘டயனெடிக்ஸ்’ என்ற நூலின் வழியே உருவான சைன்டாலஜி, தன் உறுப்பினர்களுக்கென ‘எதிக்ஸ்’ என்ற பெயரில் தனியான ஒழுங்குமுறை வைத்திருக்கிறது. அமைப்புக்குத் தீங்கு செய்பவர் என்று கருதப்படுபவருக்கு ‘சப்ரெசிவ் பர்சன்’, சுருக்கமாக எஸ்.பி., என்று பெயர். சைன்டாலஜியை விட்டு விலகுவதாக வெளிப்படையாக அறிவிப்பது, அதைக் கண்டித்துப் பேசுவது, அதன்மீது சிவில் வழக்குத் தொடுப்பது, எஸ்.பி. என்று அறிவிக்கப்பட்டவரோடு தொடர்ந்து உறவு வைத்திருப்பது ஆகியவை எல்லாம் அந்த விதிகளில் பெருங்குற்றங்களாக எழுதப்பட்டுள்ளன. ஓர் உறுப்பினரை எஸ்.பி. என்று அறிவிக்கும் ஆணை மஞ்சள் நிறத் தாளில் வெளியாவது வழக்கம். அந்தத் தாளில் பெயர் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் நண்பரும் உடன்பிறந்தாரும் கட்டிய துணையும்கூட அவரோடு பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள் என்று, வெளியேறிய பலர் நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சியிலும் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்து, அன்னந்தண்ணி புழங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதன் கொடுமை சட்டென்று விளங்கும்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடுத்த விதி. எதிரியாகக் கருதப்படுபவரோடு தொடர்பில் இருக்கும் உறுப்பினரை ‘பொட்டென்ஷியல் டிரபிள் சோர்ஸ்’, அதாவது பி.டி.எஸ்., என்று வகைப்படுத்துகிறார்கள். அவர் உடல்நலம் கெடுவதற்கும் வேலையில் சறுக்குவதற்கும் அந்தத் தொடர்பே காரணம் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அதைத் தீர்க்க இரண்டே வழிகள் தரப்படுகின்றன: ஒன்று, எதிர்ப்புக் காட்டும் உறவினரைச் சமாதானப்படுத்த வேண்டும், முடியாவிட்டால் ‘டிஸ்கனெக்ஷன்’, அதாவது உறவை அறுத்துவிட வேண்டும். 1965இல் எழுதப்பட்ட இந்தத் துண்டிப்பு விதியை ஹப்பர்ட் 1968இல் நீக்கினார்; 1983இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. துண்டிப்பது அவரவர் தாமே எடுக்கும் முடிவு என்றும், யாரையும் தாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை என்றும் அமைப்பு சொல்கிறது. உறவைத் துண்டிக்காதவருக்கு அமைப்பின் மேல்நிலைப் பயிற்சிகளும் அங்கே உள்ள மதிப்பும் மறுக்கப்படும்போது அதைத் தன்விருப்பம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனால் இந்த இரண்டு வழிகளில் முதலாவதாக வருவது சமாதானம் என்பதைக் குடும்பத்தார் பிடித்துக்கொள்ள வேண்டும். உறவினரோடு வாதம் செய்யாமல், நல்ல செய்திகளை மட்டும் பேசிக் கடிதப் போக்குவரத்தைச் சுமுகமாக வைத்திருக்கும்படி உறுப்பினருக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். சாலை நன்றாக இருக்கிறது, வானிலை நன்றாக இருக்கிறது என்ற அளவில் பேசு என்பதே அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். ஆகவே, மாதக்கணக்கில் மௌனமாக இருந்த மகன் திடீரென்று கனிவாக எழுதினால், ‘யாரோ சொல்லிக் கொடுத்து எழுதுகிறாய்’ என்று சீறாதீர்கள். சொல்லிக் கொடுத்து எழுதியதாகவே இருக்கட்டும். நீங்களும் அதே கனிவோடு பதில் எழுதினால், உங்களைச் சமாதானப்படுத்தியாயிற்று என்று அவர் தம் மேலாளரிடம் சொல்ல முடியும்; துண்டிக்கும் கட்டாயம் அங்கேயே தணியும்.

பதில் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். ‘கண்ணா, உன் கடிதம் கிடைத்தது, மனசு நிறைந்தது. நேற்றுப் பெய்த மழையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா சயானில் இறங்கி நடந்தே வந்தார். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பவா? பாட்டிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, உன் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார்.’ இவ்வளவு போதும். இதில் கேள்வி கேட்டு மடக்குவது இல்லை, குற்றச்சாட்டு இல்லை, அமைப்பின் பெயரே இல்லை. அதேசமயம் வீடு, மொழி, பாட்டி, ஊறுகாய் எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருப்பவர் பேசும் மொழி நாளடைவில் அமைப்பின் கலைச்சொற்களால் நிரம்பிவிடும் என்பதால், அவர் குழந்தையாகப் பேசிய தமிழில் எழுதுவதையே நான் வற்புறுத்துவேன்.

எழுதக் கூடாதவையும் உண்டு. அமைப்பை இழித்துரைக்கும் சொற்கள், அதை விமர்சிக்கும் ஆவணப்படங்களின் சுட்டிகள், ‘போலீசுக்குப் போவேன்’, ‘பத்திரிகைக்குச் சொல்வேன்’ போன்ற மிரட்டல்கள், ‘இனி எனக்குப் பிள்ளையே இல்லை’ என்ற சூளுரை ஆகியவற்றைத் தவிருங்கள். கடைசியில் சொன்னது ஆத்திரத்தில் வாயில் வந்துவிடும். ஆனால் உறவை அறுத்தது குடும்பம்தான் என்று காட்ட அது ஒன்றே போதும். நீங்கள் எழுதுவதைப் பிள்ளை மட்டும்தான் படிப்பார் என்றும் எண்ண வேண்டாம். சக உறுப்பினரின் தவறுகளை எழுத்தில் தெரிவிக்கும் ‘நாலெட்ஜ் ரிப்போர்ட்’ என்ற வழக்கம் அங்கே உண்டு. இ-மீட்டர் என்ற கருவியைக் கையில் பிடிக்கவைத்து நடத்தப்படும் ‘ஆடிட்டிங்’ என்ற கேள்வி-பதில் அமர்வுகளில் உறுப்பினர் சொல்வது கோப்பில் பதிவாகிறது. எனவே குடும்பத்துச் சண்டை, சொத்துத் தகராறு, யாருடைய மருத்துவ ரகசியமும் கடிதத்தில் இடம்பெற வேண்டாம்.

எச்சரிக்கை தேவைதானா, மிகைப்படுத்துகிறேனா என்று ஐயுறுபவர்களுக்காக, நீதிமன்றப் பதிவுகளில் உள்ள வரலாற்றைச் சொல்கிறேன். 1967 அக்டோபரில் ஹப்பர்ட் எழுதிய ஒரு கொள்கைக் கடிதம், எதிரி என்று அறிவிக்கப்பட்டவரின் உடைமையைப் பறிக்கலாம், அவரை ஏமாற்றலாம், அவர்மீது வழக்குத் தொடுக்கலாம், பொய் சொல்லலாம், அழித்துவிடலாம் என்று அனுமதித்தது. ‘ஃபேர் கேம்’ என்று அழைக்கப்பட்ட அந்த முத்திரையை அறிவிக்கும் வழக்கம் மக்களிடையே கெட்ட பெயரைத் தருகிறது என்று கூறி 1968இல் அவரே நிறுத்தினார். ஆனால் எதிரிகளை நடத்தும் முறை பற்றிய பிற கொள்கைகள் மாறவில்லை என்றும் அதே ஆணையில் எழுதினார்.

அதன் பிறகு நடந்ததற்குச் சான்று நியூயார்க் எழுத்தாளர் பாலெட் கூப்பர். 1971இல் சைன்டாலஜியை விமர்சித்து நூல் எழுதிய அவர்மீது வழக்குகள் குவிந்தன. அமைப்பின் நியூயார்க் அலுவலகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் கடிதங்கள் வந்தன; அவற்றில் ஒன்றில் கூப்பரின் கைரேகை இருந்ததால் 1973இல் அவர்மீதே குற்றம் சாட்டப்பட்டது. 1977 ஜூலையில் எஃப்.பி.ஐ. அமைப்பின் அலுவலகங்களைச் சோதனையிட்டபோதுதான், அவரைச் சிறைக்கோ மனநல மருத்துவமனைக்கோ அனுப்பும் நோக்கத்தோடு 1976இல் தீட்டப்பட்ட ‘ஆபரேஷன் ஃப்ரீக்அவுட்’ என்ற திட்டத்தின் ஆவணங்கள் அகப்பட்டு, அவர் குற்றமற்றவர் என்பது வெளிப்பட்டது. செய்யாத குற்றத்தின் நிழலில் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்திருக்கிறார். இதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்குள் ஊடுருவி ஆவணங்களைத் திருடிய வழக்கில் ஹப்பர்டின் மனைவி மேரி சூ உட்பட 11 பேர் தண்டனை பெற்றார்கள். இதைச் செய்த எங்கள் பிரிவைக் கலைத்துவிட்டோம், தவறு செய்தவர்களை நீக்கிவிட்டோம் என்பது அமைப்பின் பதில். கனடாவில் அரசு வழக்கறிஞர் கேஸி ஹில் தொடுத்த அவதூறு வழக்கில், அமைப்புக்கு எதிரான 16 லட்சம் டாலர் இழப்பீட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995இல் உறுதிசெய்தது.

இவற்றைப் படித்துவிட்டு, விமானம் ஏறிப்போய்ப் பிள்ளையை வலுக்கட்டாயமாக இழுத்து வந்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அது கூடவே கூடாது. அமெரிக்காவில் வேறொரு கிறித்தவச் சபையில் இருந்த ஜேசன் ஸ்காட் என்ற இளைஞரை, அவருடைய தாய் ஏற்பாடு செய்த ஆட்கள் 1991இல் கடத்தி அடைத்துவைத்து மனத்தை மாற்ற முயன்றார்கள். முயற்சி தோற்றது, ஸ்காட் வழக்குத் தொடுத்தார், அவருக்காக வாதாடியவர் சைன்டாலஜியின் வழக்கறிஞர்களில் ஒருவர். 1995இல் வந்த தீர்ப்பின் இழப்பீட்டைத் தாங்க முடியாமல், இத்தகைய குடும்பங்களுக்கு உதவிவந்த ‘கல்ட் அவேர்னஸ் நெட்வொர்க்’ அடுத்த ஆண்டே திவாலானது. அதன் பெயர்கூட சைன்டாலஜியைச் சேர்ந்தவர்களின் கைக்குப் போயிற்று. நம் நாட்டுச் சட்டமும் வயதுவந்தவரின் பக்கமே நிற்கிறது: தன் மதத்தையும் துணையையும் தேர்ந்துகொள்ளும் உரிமை அவருடையது, பெற்றோருடையது அல்ல என்று, கேரளத்தில் மதம் மாறி மணந்த ஹாதியா என்ற இளம்பெண்ணின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று நம்பத் தக்க தகவல் இருந்தால் மட்டும், அவர் வசிக்கும் நகரின் காவல்துறையிடம், அவரை நேரில் போய்ப் பார்த்து நலம் அறிந்து வருமாறு கேட்கலாம். அப்பகுதிக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்துக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் எழுதலாம். இதற்கெல்லாம் பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல் வீட்டில் இருப்பது நல்லது.

துண்டிக்கப்படுபவர் இங்கேயே, மும்பையிலேயே, கணவராகவோ மருமகளாகவோ இருந்தால் சட்டத்தின் நிலை சற்று வேறு. ஒரு சமூகம் தன் உறுப்பினரை விலக்கிவைப்பது சரியா என்ற கேள்வி இந்த நகரத்துக்குப் புதிதன்று. 1949இல் பம்பாய் மாகாணம் சமூக விலக்கத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் பொறுப்பு 2023இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையே மகாராஷ்டிர அரசு கொண்டுவந்து 2017இல் நடைமுறைக்கு வந்த சமூகப் புறக்கணிப்புத் தடைச் சட்டம், பிறரைப் புறக்கணிக்கச் செய்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. சாதிப் பஞ்சாயத்துகளின் கொடுமையை முன்னிட்டுப் பிறந்த சட்டம் என்பதால், உங்கள் நிலைமைக்கு அது பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே புகார் எழுதுங்கள். ஒருவர் தாமாகப் பேசாமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் ஆகாது. மிரட்டல் வந்தால் நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவும், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 78ஆம் பிரிவும் உங்களுக்குத் துணை நிற்கும். மெய்ப்பிக்க முடியாததை நீங்கள் பொதுவில் எழுதினால், அவதூறு பற்றிய 356ஆம் பிரிவு உங்கள்மீதே பாயும்.

ஆகவே எதையும் பதிவுசெய்து வையுங்கள். வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி தெரியும்படி ஏற்றுமதி செய்து இன்னொரு இடத்திலும் சேமியுங்கள். தொலைபேசியில் பேசியதை அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பணம் கேட்டால் தனி நிதானம் வேண்டும்: படிப்புச் செலவு என்று கேட்டாலும் தொகையாக அனுப்பாமல், வாடகை, மருத்துவக் காப்பீடு, ஊர் வந்து போக விமானச் சீட்டு ஆகியவற்றை நேரடியாகக் கட்டித் தருவதாகச் சொல்லுங்கள்.

வெளியே வர நினைப்பவருக்கு இன்னொரு தடை காத்திருக்கும். அமைப்பின் ஊழியராக இருந்து விலகுபவரிடம், அதுவரை இலவசமாகப் பெற்ற படிப்புகளுக்கெல்லாம் கட்டணம் கேட்டு ‘ஃப்ரீலோடர்’ கணக்கு என்று ஒரு சீட்டு நீட்டப்படும். வெளியே எதுவும் பேசமாட்டேன் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கலாம். இரண்டிலும் வழக்கறிஞரைக் கலக்காமல் பணம் கட்டவோ கையெழுத்திடவோ வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள். தகராறுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் அமைப்புக்குள்ளேயே தீர்த்துக்கொள்வதாகச் சேரும்போது ஒப்புக்கொண்ட மதவழி மத்தியஸ்தம், விலகிய பிறகு நடந்ததாகச் சொல்லப்படும் தொல்லைகளுக்கான வழக்கைக் கட்டுப்படுத்தாது என்று கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருப்பது அவருக்குத் தெம்பு தரும்.

அவர் ஊர் திரும்பினால், முதல் வாரத்திலேயே உறவினரைக் கூட்டி வைத்து விசாரிக்காதீர்கள். ‘அப்போதே சொன்னேனே’ என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். மனநல மருத்துவத்தையே சைன்டாலஜி கடுமையாக எதிர்ப்பதால், மருத்துவரைப் பார்க்க அவர் அஞ்சக்கூடும். வற்புறுத்தாமல், அரசின் டெலி-மானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணான 14416ஐக் கொடுத்து, விரும்பினால் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லிவையுங்கள். வங்கிக் கணக்கு, ஆதார், வருமானவரிக் கணக்கு, விட்டுப்போன வேலை வருடங்களுக்கான விளக்கம் ஆகியவற்றை உடனிருந்து சரிசெய்து கொடுங்கள். அந்த அனுபவத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை, எத்தனை ஆண்டுகள் ஆனாலும், அவரே முடிவு செய்யட்டும்.