கண்டென்சர் மைக்கில் படபட சத்தமா? கழற்றும் முன் இதைப் பாருங்கள்

ஐப்பசி மழையில் தர்மபுரிப் பக்கத்து வீட்டு ஸ்டுடியோக்களில், யாரும் பேசாதபோதே மைக் கடுகு பொரிவதுபோல் படபடக்கும். ஒலியைப் பிடிக்கும் பகுதியான காப்ஸ்யூலை ஒட்டிய சர்க்யூட்டில் மின்தடை கிகா ஓம் (நூறு கோடி ஓம்) அளவு. அங்கே மெல்லிய ஈரம் படிந்தாலே போதும், மின்னூட்டம் கசிந்து இந்தச் சத்தம் வரும்.

ஆனாலும் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு மைக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம்) போட்டு, மைக் பக்கக் கேபிள் முனையில் மல்டிமீட்டரால் 1-2, 1-3 பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட் டிசி வர வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால் கோளாறு கேபிளிலோ, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலோதான்; மைக்கின் மேல் பழி போடாதீர்கள்.

வோல்ட் சரியாக இருந்தால், காற்றுப்புகாத டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல்லோடு மைக்கை 24 மணி நேரம் வையுங்கள். ஒகேனக்கல் சாரலில் ஒலிப்பதிவு முடித்து வந்தால் அன்றிரவே வைத்துவிடுவது நல்லது. ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், காப்ஸ்யூலின் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கெட்டுவிடும். காப்ஸ்யூலில் விரலும் படக்கூடாது.

‘ங்ங்’ என்ற இரைச்சல், மைக்கைக் கையால் பிடித்ததும் கூடிக் குறைகிறதா? அது ஈரமில்லை. பெரும்பாலும் 1-ஆம் பின்னில் சால்டர் விட்டிருக்கும்.

எதைக் கழற்றினாலும் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, 48 வோல்ட்டை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துக் கழற்றுங்கள்.