துப்பாக்கிச் சத்தமும் காதுப் பாதுகாப்பும்: தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வட்டாரத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு அருகில் நிற்க நேர்பவர்கள் பலதரப்பட்டவர்கள். என்.சி.சி. பயிற்சியில் பாயின்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைஃபிளைத் தொடும் கல்லூரி மாணவர்கள், போட்டிகளுக்குத் தயாராகும் இளைஞர்கள், வங்கி வாசலில் 12 போர் என்னும் பெரிய குழல் துப்பாக்கியோடு நிற்கும் முன்னாள் ராணுவத்தினர், உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தோட்ட உரிமையாளர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இவர்களில் பலர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கக் காட்டிய கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காதை மூடும் பொருளுக்குக் காட்டுவதில்லை. வாங்குகிறவர்களும் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்குகிறார்களே தவிர, அது தங்கள் காதில் இடைவெளியில்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் சைலன்சர் பற்றிய ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். திரைப்படங்களில் துப்பாக்கி முனையில் ஒரு குழாயைத் திருகியதும் சத்தம் அடங்கிவிடுவதைப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று கிடைத்தால் காதுக்குத் தனியாக எதுவும் வேண்டாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், சுடும்போது எழும் சத்தத்தையோ ஒளியையோ குறைப்பதற்காகச் செய்யப்பட்ட துணைக்கருவியையும் துப்பாக்கிக்கான வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. ஆகவே அது கடையில் கேட்டு வாங்கும் உதிரிபாகம் அல்ல. அதற்கு அனுமதியுள்ள நாடுகளிலும் அக்கருவி சத்தத்தைப் பொதுவாக 20 முதல் 35 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) வரைதான் குறைக்கிறது. 160 டெசிபல் எழுப்பும் ரைஃபிளில் அதைப் பூட்டினாலும் 130 டெசிபல் அளவுக்குச் சத்தம் மிஞ்சும். ஒலியை முந்திச் செல்லும் குண்டு காற்றைக் கிழிக்கும்போது எழும் வெடிப்பொலியை அது தொடுவதே இல்லை. அங்கேயும் காதை மூடிக்கொண்டு சுடுவதே நல்ல பழக்கம்.

‘பாயின்ட் 22 தானே, சின்னத் துப்பாக்கி’ என்ற அலட்சியம் அடுத்தது. ஒரே ஒரு முறை கேட்டாலும் காதுக்குக் கேடு நேரலாம் என்று கருதப்படும் உச்ச அளவு 140 டெசிபல். பாயின்ட் 22 ரைஃபிளின் சத்தம் சுடுபவரின் காதருகே ஏறத்தாழ அந்த எல்லையில்தான் நிற்கிறது. 12 போர் துப்பாக்கி அதை எளிதாகத் தாண்டிவிடுகிறது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது என்பதை நினைவில் கொண்டால், 140க்கும் 150க்கும் உள்ள தூரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். உரத்த ஒலி வரும்போது நடுக்காதின் சிறு தசைகள் இறுகி உட்காதைக் காக்க முயல்வது உண்மைதான். ஆனால் துப்பாக்கியின் ஒலியதிர்ச்சி ஓரிரு மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடுகிறது. அத்தசைகள் அசைவதற்கே அதைவிடப் பன்மடங்கு நேரம் பிடிக்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கி, அதில் காதுக்கு எதுவும் அணியாமலே பழகியவர்கள், 50 மீட்டர் பாயின்ட் 22க்கு மாறும்போது அதே பழக்கத்தோடு போய் நிற்பதை அடிக்கடி காணலாம்.

பெட்டியிலுள்ள எண்ணுக்கு வருவோம். அந்தப் பொருள் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதைக் காட்டும் மதிப்பீடு அது. அமெரிக்க முறையில் மதிப்பிட்ட பொருள்களில் என்.ஆர்.ஆர். என்றும், ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். என்றும் அச்சிட்டிருக்கும். ஒரே பொருளுக்கு இரண்டாவது எண் சற்றுக் கூடுதலாகவே வரும் என்பதால், ஒரு பெட்டியின் எஸ்.என்.ஆரை இன்னொரு பெட்டியின் என்.ஆர்.ஆரோடு ஒப்பிட்டு, பெரிய எண் உள்ளதே நல்லது என்று முடிவு செய்வது சரியான ஒப்பீடாகாது. இரண்டும் ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்றவர் கவனமாக அணிந்த நிலையில், தொடர்ந்து ஒலிக்கும் சத்தத்துக்காகக் கணக்கிட்டவை. துப்பாக்கியின் திடீர் அதிர்ச்சிக்காக அல்ல. அமெரிக்கத் தொழிலகங்களில் வழங்கும் ஒரு கணக்குப்படி, என்.ஆர்.ஆர். எண்ணிலிருந்து 7ஐக் கழித்துப் பாதியாக்கினால்தான் நடைமுறைப் பயனுக்கு அருகில் வரும். 30 என்று போட்டிருப்பது 11.5 ஆகிவிடுகிறது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரத்துக்கு அருகில் வேலை செய்பவருக்காக வாங்கிய இயர் மஃபை (மெத்தை வைத்த கிண்ணங்களால் காதை வெளியிலிருந்து மூடும் கருவி) எடுத்துக்கொண்டு சுடப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மஃப் கெட்ட பொருள் அல்ல. அதன் மேலுள்ள எண் வேறு வகைச் சத்தத்துக்கானது, அவ்வளவுதான்.

பொருத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எவ்வளவு கனமான கதவானாலும் விரலளவு திறந்திருந்தால் தெருச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடுவதைப் போல, மஃபின் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே ஒரு சிறு சந்து இருந்தாலே அதன் பயனில் பெரும்பகுதி போய்விடும். அந்தச் சந்தை உண்டாக்குபவை நம் ஊரில் நிறைய. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு ஒன்று. மெல்லிய, தட்டையான காம்புள்ள பாதுகாப்புக் கண்ணாடியை மஃபோடு சேர்த்தே வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது. மடித்துக் கட்டிய சடையும் காதோரத்து ஹேர்பின்னும் தொப்பியின் விளிம்பும் அடுத்தவை. எண்ணெய் தேய்த்த தலையும் சித்திரை, வைகாசி வெயிலில் வழியும் வியர்வையும் மெத்தையின் மேலுறையை நாளடைவில் விறைக்கச் செய்து வெடிக்க வைக்கின்றன. அழுத்தினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாத மெத்தை பயனற்றது. அதனால் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மஃபையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. விலை சற்றுக் கூடினாலும், மெத்தை கெட்டதும் முழு மஃபையும் தூக்கி எறிய வேண்டிய நிலை வராது.

ரைஃபிள் சுடுபவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் குறி பார்க்கும்போது, மஃபின் தடித்த கிண்ணம் கட்டையில் இடித்து மேலே எழும்பிவிடுகிறது. கடையில் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்க்கும்போது கச்சிதமாக இருந்த பொருள், சுடும் அந்தக் கணத்தில் காதைத் திறந்துவிடுகிறது. ஆகவே, சுடும் நிலையில் தலையைச் சாய்த்துப் பார்க்காமல் மஃபை வாங்கக் கூடாது. கட்டையில் இடிக்காத மெல்லிய கிண்ணம் உள்ளவை கிடைக்கின்றன. அவை பொதுவாகக் குறைவாகவே சத்தத்தைத் தடுக்கும் என்பதால், காதுத் துளைக்குள் செருகும் அடைப்பானான இயர் பிளக்கும் வெளியே மஃபுமாக இரண்டையும் அணிவது நல்ல வழி. அப்படி அணியும்போது இரண்டு எண்களையும் கூட்டிக் கணக்குப் போடக் கூடாது. இரண்டாவது பொருளால் கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவே. மண்டை எலும்பு வழியாக உட்காதுக்குப் போகும் ஒலியை எந்த மூடியும் தடுப்பதில்லை.

நுரை பிளக் மலிவானது, ஒழுங்காக அணிந்தால் மிக நல்லது. அதைக் காதின் வாயில் வைத்து விரலால் அமுக்கிவிட்டு விடுவதுதான் வழக்கமான பிழை. சுத்தமான, உலர்ந்த விரல்களால் மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பிறகு பேசிப் பார்த்தால் சொந்தக் குரல் அடங்கித் தலைக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். இரு கைகளாலும் காதுகளைப் பொத்தி எடுக்கும்போது வெளிச் சத்தம் வெகுவாக மாறினால் பிளக் சரியாக அமரவில்லை என்று பொருள். பஞ்சும், கைபேசிக்கான இயர்போனும் இந்த வேலைக்கு ஆகாதவை.

வலக்கைப் பழக்கமுள்ளவர் நீண்ட துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது இடக்காதே குழல் முனைக்கு அருகில் இருக்கிறது. வலக்காது தலையின் மறைவில் போய்விடுகிறது. பல ஆண்டுகள் சுட்டவர்களின் காதுகளைச் சோதிக்கும்போது இடப்பக்கம் அதிகம் கெட்டிருப்பது இதனால்தான். கட்டளை கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்து மஃபை விலக்கி வைத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பேச்சைக் கடத்திச் சத்தத்தை மட்டும் வெட்டும் மின்னணு மஃப்கள் பயிற்சியில் உதவும்; ஆனால் பன்னாட்டுப் போட்டி விதிகளின்படி ஒலி வாங்கும் கருவி பொருந்திய மஃபை வீரர் அணியக் கூடாது. போட்டிக்குப் போகும் எண்ணமுள்ளவர் தொடக்கத்திலேயே சாதாரண மஃபில் பழகுவது சிக்கனம்.

தகரக் கூரையின் கீழ் சுடும்போது சத்தம் எதிரொலித்துத் திரும்புகிறது. அங்கே பின்னால் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் முறைக்காகக் காத்திருக்கும் மாணவர்களுக்கும் பயிற்சியாளருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். தன் முறை முடிந்ததும் மஃபைக் கழற்றுபவர், பக்கத்து வரிசையில் இன்னும் சுட்டுக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்.

சுட்ட பின் காதில் ‘ஙொய்’ என்ற ரீங்காரமோ அடைப்போ வந்தால், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விடுவதும், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும் வீடுகளில் வழக்கம். செவிப்பறை கிழிந்திருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். ஒரு நாளுக்கு மேல் ரீங்காரமோ மந்தமோ நீடித்தால் தாமதிக்காமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்காதுக்கான மருந்து பயன் தருவது தொடக்க நாள்களில்தான். அரசு இராசாசி மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு இருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு முறை ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுத்து வைத்துக்கொண்டால், பின்னர் எடுப்பதோடு மருத்துவர் ஒப்பிட முடியும். சத்தத்தால் நேரும் கேடு பெரும்பாலும் அந்த வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் பக்கத்தில் ஒரு பள்ளமாக முதலில் தெரியும்; அந்த நிலையில் எதிரில் இருப்பவர் பேசுவது நன்றாகவே கேட்கும் என்பதால், சோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.