கூரியரில் போன லேப்டாப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காசு கேட்டால் என்ன செய்வது?

மதுரையில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப் பிராண்டின் பெயரோடு ‘சர்வீஸ் சென்டர்’ என்று கூகுளில் தேடினால், மேலே வரும் விளம்பரங்களில் சிலவற்றுக்கு இந்த ஊரில் கடையே கிடையாது. ஒரு ஃபோன் நம்பர், ‘பிக்கப் இலவசம்’, ‘499 ரூபாய் முதல்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். கூரியர்காரர் வாசலுக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போவார், அது பெங்களூருக்கோ டெல்லிக்கோ போய்ச் சேரும். இப்படி வேலை வாங்கிச் செய்கிற எல்லாரும் ஃபிராடு இல்லை, மதர்போர்டில் ஐசி என்ற சின்னச் சிப்பை மாற்றுகிற மாதிரி நுணுக்கமான வேலைக்கு வெளியூர் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமையும் வரும். ஆனால் ஏமாற்ற நினைக்கிறவனுக்கு மூலதனமே தூரம்தான். டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் ரேமைக் கழற்றி வைத்துக்கொண்டால் சாயங்காலமே நேரில் போய் நின்று கேட்கலாம். டெல்லிக்காரனை எங்கே போய்க் கேட்பது? பத்தாயிரம் ரூபாய்க்காக இவன் ரயிலேறி வரவா போகிறான் என்பதுதான் அவன் போடும் கணக்கு.

ஏமாற்று எப்படி நடக்கும் என்றால், முதலில் ஃபோனில் சின்னத் தொகை சொல்வார்கள். பெட்டி போய்ச் சேர்ந்ததும் ‘சார், மதர்போர்டு போயிடுச்சு, பதினாலாயிரம் ஆகும்’ என்று ஒரு ஃபோன் வரும். வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்றால் அதுவரை யாரும் பேசாத ‘இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ்’, ரிட்டர்ன் கூரியர் எல்லாம் முளைக்கும். இன்னொரு வகை கொஞ்சம் அமைதியானது: சொன்ன வேலையைச் சொன்ன காசுக்கே செய்து அனுப்பிவிடுவார்கள், ஆனால் 16 ஜிபி ரேம் 8 ஆகியிருக்கும், கோப்புகள் இருக்கிற டிஸ்க்கான எஸ்எஸ்டி வேறு கம்பெனியின் பழசாக இருக்கும், நல்ல பேட்டரி போய் ஒரு மணி நேரம் தாங்காத பேட்டரி உட்கார்ந்திருக்கும். இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை, லேப்டாப் ஆன் ஆனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னும் அனுப்பவில்லை என்றால் முதலில் ஜிஎஸ்டி நம்பரைக் கேளுங்கள். எண்ணும் எழுத்துமாக 15 இடம் இருக்கும், முதல் இரண்டு மாநிலத்தின் எண்: தமிழ்நாடு 33, கர்நாடகா 29, டெல்லி 07. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டால் உரிமையாளரின் பெயர், கடைப் பெயர், முகவரி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும், லாகின் கூடத் தேவையில்லை. சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் ‘இந்தியா முழுக்கக் கிளைகள்’ என்று போட்டுக்கொண்டு நம்பர் கேட்டால் மழுப்புகிறவரிடம் பொருளைக் கொடுக்காதீர்கள். பிராண்டின் அங்கீகாரம் பெற்ற சென்டர் என்று சொன்னால் அந்த பிராண்டின் சொந்த இணையதளத்திலேயே மதுரைக்கு என்ன முகவரி கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள், இவர்கள் அனுப்பும் லிங்க்கில் பார்க்காதீர்கள். வாரன்டி ஓடிக்கொண்டிருந்தால் இவர்கள் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது, பெட்டிக்குள் என்ன போகிறது என்பதற்கான ஆதாரம். பின்னால் சண்டை வந்தால் இது ஒன்றுதான் பேசும், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்தாலும் செய்துவிடுங்கள். லேப்டாப் ஆன் ஆகிறது என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து மெமரி, டிஸ்க் இரண்டையும் ஃபோட்டோ எடுங்கள், ரேமின் அளவும் டிஸ்க்கின் மாடலும் அதில் இருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் காட்டும். அந்த மணிக்கணக்கு முக்கியம், ஏனென்றால் அதே மாடலில் பழசை மாட்டி அனுப்பினாலும் அதில் மாட்டிக்கொள்வான். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுத்துவைத்தால் பேட்டரியின் சீரியல் நம்பரும் இப்போது எவ்வளவு சார்ஜ் பிடிக்கிறது என்பதும் கிடைக்கும். ஆன் ஆகவே இல்லையா, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அடிமூடியைக் கழற்றச் சொல்லி ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, போர்டு நாலின் லேபிளும் படிக்கிற மாதிரி ஃபோட்டோ எடுங்கள். மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ தலையில் அக்காவிடமோ தங்கச்சியிடமோ நெயில் பாலிஷ் வாங்கி ஒரு சொட்டு வைத்து அதையும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் திறக்கவே இல்லை என்று பின்னால் ஒருவரும் சொல்ல முடியாது.

போர்டு வேலை, டிஸ்ப்ளே வேலை, சார்ஜிங் வேலை எதற்கும் உங்கள் எஸ்எஸ்டி அவர்களுக்குத் தேவையில்லை. கழற்றி வீட்டு பீரோவில் வையுங்கள். குடும்ப ஃபோட்டோ, பேங்க் பாஸ்வேர்டு, வேலைக் கோப்புகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன. சில மெல்லிய மாடல்களில் அது போர்டோடு சேர்த்து ஒட்டியிருக்கும், கழற்ற முடியாது. லேப்டாப் ஆன் ஆகிறது என்றால் முதலில் பேக்கப், அப்புறம் முக்கியமான கணக்குகளிலிருந்து லாக் அவுட், உங்கள் பாஸ்வேர்டுக்குப் பதில் அவர்களுக்கென்று தனி யூசர் ஒன்று. இங்கே யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொண்டிருக்கும், அதன் பெயர் பிட்லாக்கர். போர்டை மாற்றினால் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும், அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று ஃபோனிலேயே பார்த்து எழுதி வையுங்கள். எழுதி வைக்காதவரிடம்தான் ‘டேட்டா ரெக்கவரிக்குத் தனியா எட்டாயிரம்’ என்பார்கள்.

சார்ஜர், பை எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள், சார்ஜிங் பிரச்சினை என்றால் மட்டும் சார்ஜர். பேட்டரி உப்பியிருந்தால் கூரியரில் போடவே கூடாது, தீப்பிடிக்கும் பொருள் அது. பேக் செய்வதை ஒரே வீடியோவாக எடுத்து, பெட்டியின் எடையைக் கூரியர் ரசீதில் எழுத வையுங்கள்.

பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்றை அனுப்பி, ‘சரி’ என்று அவர்கள் பதில் போட்ட பிறகே கொடுங்கள்: ‘லேப்டாப் சீரியல் நம்பர் இது. ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி விவரம் ஃபோட்டோவில் உள்ளது. பார்ப்பதற்கான கட்டணம் இவ்வளவு. என் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்த வேலையும் செய்யக் கூடாது. எஸ்டிமேட் எனக்குச் சரிவரவில்லை என்றால் இத்தனை நாளுக்குள் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும், ரிட்டர்ன் கூரியர் இவ்வளவு.’ நல்ல கடைக்காரர் இதைப் பார்த்துக் கோபப்பட மாட்டார், அவரும் இதே மாதிரி ஜாப் ஷீட் வைத்திருப்பார்.

சரி, இதெல்லாம் செய்யாமலே அனுப்பியாச்சு, இப்போது பதினாலாயிரம் கேட்கிறார்கள் என்றால்? ஃபோனில் சண்டை போடாதீர்கள். ஃபோனில் பேசியதற்கு அவர்களிடம் ஆள் இருக்கிறது, உங்களிடம் ஆதாரம் இல்லை. ஃபோன் வந்தால் ‘வாட்ஸ்அப்ல போடுங்க’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். எந்த பாகம் போயிருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், உங்கள் லேப்டாப்பின் சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் போர்டும் ஒரே வீடியோவில் வரும்படி கேளுங்கள். திருமங்கலத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற என் சித்தி மகன் இப்படிக் கேட்டபோது அவர்கள் கருகிப்போன ஒரு போர்டின் ஃபோட்டோவை அனுப்பினார்கள், அவனுடைய லேப்டாப்பில் யுஎஸ்பி இரண்டு பக்கமும் இருக்கும், அந்த போர்டிலோ ஒரு பக்கம்தான். ‘இது என் போர்டே இல்லையே’ என்று எழுதியதும் பதினாலாயிரம் மூவாயிரமாக இறங்கியது. அதுவும் அநியாயம்தான், ஆனாலும் எங்கே அழுத்தினால் இறங்குகிறார்கள் என்று தெரிகிறது பாருங்கள்.

காசு கொடுத்தால்தான் லேப்டாப் என்று பிடித்து வைத்தால், சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170வது பிரிவு, வேலை செய்தவர் தன் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. அதனால் ‘என் பொருளை வைத்துக்கொள்ள உனக்கு உரிமையே இல்லை’ என்று கத்துவது எடுபடாது. ஆனால் அது ஒத்துக்கொண்டு செய்த வேலைக்கு மட்டும்தான். நீங்கள் சம்மதிக்காத வேலைக்கோ, செய்யாத வேலைக்கோ கிடையாது. முன்பே ஒத்துக்கொண்ட பார்வைக் கட்டணம் இருந்தால் அதை மட்டும் கட்டிவிட்டு மீதிக்கு மறுப்பு எழுதுங்கள். அவசரமாக லேப்டாப் வேண்டும், மிச்சக் காசையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ‘பொருளைத் திரும்பப் பெறுவதற்காக ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், இந்தத் தொகையை ஏற்கவில்லை’ என்று முதலில் எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் கட்டுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பேங்க்கில் ஆட்சேபம் எழுப்ப ஒரு வழி இருக்கும், யுபிஐயில் போனதைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பெட்டி திரும்பி வந்ததும் கூரியர்காரர் நிற்கும்போதே வீடியோவை ஆரம்பித்து, சீல், லேபிள், உள்ளே இருப்பது, ஆன் செய்வது, சீரியல் நம்பர் வரை வெட்டாமல் எடுங்கள். ஏதாவது மாறியிருந்தால் உள்ளூரில் பில் போடுகிற ஒரு சர்வீஸ் கடையில் காட்டி, என்ன இருந்தது, என்ன இருக்கிறது என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். நூறு இருநூறு கொடுத்தாலும் பரவாயில்லை.

இனி புகார். 1915க்கு ஃபோன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள், காசு கிடையாது. அது கோர்ட் இல்லை, உத்தரவு போடாது, உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பெயர் கெடும் என்று பயப்படுகிற கம்பெனி அங்கேயே வழிக்கு வரும். வராவிட்டால் ஒரு நோட்டீஸ்: தேதி வாரியாக நடந்தது, கேட்கும் தொகை, 15 நாள் கெடு. சட்டப்படி கட்டாயம் இல்லை, வக்கீல் எழுத வேண்டும் என்பதும் இல்லை, ஆனாலும் அனுப்புங்கள். தல்லாகுளம் தபால் ஆபீஸிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டில், ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் முகவரிக்கே. ரசீதையும் டெலிவரி ஆனதற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம்தான் அவன் கணக்கு தப்புகிற இடம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34வது பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘டெல்லி நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வழக்கே போட முடியாது என்று மிரண்டு விடாதீர்கள். ரயிலேற வேண்டியது அவர்கள்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக டிடிபி சென்டரோ ஆல்பம் வேலையோ செய்கிறவரும் நுகர்வோர்தான். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, இழுக்கத்தான் செய்யும். ரிப்பேருக்கு வாங்கிய காசு, மாற்றிய பாகத்தின் விலை, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை என்று கேளுங்கள். மன உளைச்சலுக்கு இருபது லட்சம் என்று போட்டால் படிக்கிறவருக்கே நம்பிக்கை போய்விடும்.

போலீஸுக்கு எப்போது? பணத்தகராறு மட்டும் என்றால் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று அனுப்பிவிடுவார்கள். லேப்டாப்பையே கொடுக்காமல் ஃபோனை அணைத்துவிட்டார்கள், கடை முகவரியே பொய் என்றால் அது மோசடியும் நம்பிக்கை மோசடியும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318, 316 பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். உங்கள் ஃபோட்டோவை வைத்து மிரட்டினாலோ கணக்கிலிருந்து பணம் எடுத்தாலோ தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு ஃபோன் செய்யுங்கள்.

நோட்டீஸ் போனதும் பெரும்பாலும் ஒரு குழைவான ஃபோன் வரும்: ‘அண்ணே, காசைத் திருப்பிப் போட்டுடுறோம், ரிவ்யூவையும் புகாரையும் எடுத்துடுங்க.’ தாராளமாக ஒத்துக்கொள்ளலாம், ஆனால் பணம் அக்கவுன்ட்டில் விழுந்த பிறகு. ரீஃபண்ட் வாங்க இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றால் லைனைத் துண்டியுங்கள், பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் போட வேண்டியதே இல்லை.