வீட்டில் பதிவு செய்த பாடலுக்குக் கருத்துச் சொல்வது எப்படி? தொடங்குவோருக்கான செய்முறை

வீட்டிலேயே ஒரு மைக்கையும் கணினியையும் வைத்துக்கொண்டு பாடலைப் பதிவு செய்பவர், பாடுவது, வாசிப்பது, ஒலிப்பதிவு செய்வது, மிக்ஸிங் செய்வது (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது) என எல்லா வேலைகளையும் தாம் ஒருவராகவே பார்க்கிறார். ஒரே பாடலை நாள்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டபின் அவருடைய காது மரத்துப்போகிறது. குறை இருந்தாலும் தெரிவதில்லை, நிறை இருந்தாலும் உறைப்பதில்லை. அந்த நிலையில்தான் பதிவை நம்மிடம் அனுப்பி, "கேட்டுட்டுச் சொல்லுங்க" என்கிறார். நாமோ அவர் மனம் நோகக் கூடாதே என்று "ரொம்ப நல்லா இருக்கு" என முடித்துவிடுகிறோம், அல்லது அண்மையில் கற்றுக்கொண்ட கலைச்சொற்களையெல்லாம் கொட்டிக் குறைகளின் பட்டியலை நீட்டிவிடுகிறோம். முன்னதால் அவருக்குப் பயனில்லை. பின்னதால் அவர் அடுத்த பாடலைப் பதிவு செய்யாமலே இருந்துவிடக்கூடும்.

கருத்துச் சொல்வதற்கு ஒலிப்பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்த விநாடியில் என்ன கேட்டது, அது கேட்பவராகிய நம்மை என்ன செய்தது என்ற இரண்டையும் பிசகாமல் சொல்லத் தெரிந்தால் போதும். அதை எப்படிச் சரிசெய்வது என்பது பெரும்பாலும் பதிவு செய்தவரின் பொறுப்பு.

முதல் படி: கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள்

பதிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெட்டைக் காட்டுவதற்காகக் கைபேசியில் பிடித்த டெமோவா, எல்லா டிராக்குகளும் (குரல், கருவி ஒவ்வொன்றின் தனிப் பதிவு) பதிவாகி மிக்ஸிங் நடந்துகொண்டிருக்கும் நிலையா, மாஸ்டரிங்கும் (கலந்து முடித்த பாடலுக்கு வெளியீட்டுக்கு முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு) முடிந்து வெளியிடத் தயாராக இருப்பதா என்பதைப் பொறுத்தே எதைச் சொல்வது பயனுள்ளது என்பது அமையும். டெமோவில் மின்விசிறியின் இரைச்சல் கேட்கிறது என்பது வீண் பேச்சு. மிக்ஸிங் முடிந்தபின் சரணத்தின் மெட்டை மாற்றலாமே என்பதோ அதைவிட வீண், ஏனெனில் அதற்கு எல்லாவற்றையும் மீண்டும் பதிவு செய்தாக வேண்டும்.

அடுத்து, "குறிப்பாக எதைக் கவனிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். குரலின் அளவு சரியாக இருக்கிறதா என்ற ஐயம் மட்டுமே அவருக்கு இருக்கலாம். அல்லது முதல் பாடலை முடித்துவிட்ட மகிழ்ச்சியை யாரிடமாவது பகிர்ந்துகொள்ள விரும்பியிருக்கலாம். அப்படியானால் மகிழ்ச்சியில் பங்கெடுப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இரண்டாம் படி: கேட்கும் சாதனத்தைச் சரிபாருங்கள்

கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிட்டு "பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) போதவில்லை" என்று சொல்வது தொடங்குவோர் அடிக்கடி செய்யும் தவறு. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 41 அதிர்வுகள்) ஒலிக்கிறது. கைபேசி ஸ்பீக்கர்களோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளைப் பெரும்பாலும் ஒழுங்காகத் தருவதில்லை. ஆகவே அந்தக் கருத்து பாடலைப் பற்றியதாக இல்லாமல் உங்கள் கைபேசியைப் பற்றியதாக ஆகிவிடும். நல்ல ஹெட்போன் ஒன்றில் முதலிலும், பிறகு கைபேசியிலும் கேளுங்கள். ஒரு குறை இரண்டிலும் தெரிந்தால் அது பதிவில் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஹெட்போனிலோ கைபேசியிலோ பேஸைக் கூட்டிக் காட்டும் அமைப்பு ஏதேனும் இயங்கிக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

ஒலியின் அளவும் காதை ஏமாற்றும். ஒலி குறையக் குறையத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப்போகின்றன. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது சற்று உரக்க ஒலிப்பதே நமக்குச் சிறந்ததாகத் தோன்றுவதும் இயல்பு. நண்பரின் பதிவை வெளியான ஒரு பாடலோடு ஒப்பிட வேண்டுமென்றால், அந்தப் பாடல் மாஸ்டரிங்கில் நன்றாக உரக்க ஆக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்து, அதன் ஒலியைக் குறைத்து இரண்டையும் சமமாக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

கோப்பு எப்படி வந்தது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். செயலிகள் வழியாக அனுப்பும்போது ஒலிக்கோப்பு சுருக்கப்பட்டு, சிம்பலின் (டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டு) ஓசை கரகரவென்று கலங்கிவிடுவதுண்டு. ஐயம் எழுந்தால் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: முதன்முறை நிறுத்தாமல் கேளுங்கள்

பேனா வேண்டாம், திரையில் ஓடும் அலைவடிவத்தையும் பார்க்க வேண்டாம். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் கேளுங்கள். முடிந்தவுடன் எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த இடம் மனத்தில் நின்றது என்ற இரண்டை மட்டும் எழுதி வையுங்கள். பாடலை முதன்முறையாகக் கேட்கும் காது ஒருமுறைதான் கிடைக்கும். பாடலை உருவாக்கியவருக்கு அது எப்போதோ போய்விட்டது, உங்களிடம்தான் மிச்சமிருக்கிறது.

நான்காம் படி: விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டாம் முறை கேட்கும்போது குறிப்பெடுங்கள். ஒவ்வொரு குறிப்பும் நேரத்தோடு தொடங்கட்டும்: "1:12 – குரல் அமிழ்கிறது" என்பதுபோல. நேரமில்லாத குறிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே நண்பரின் மாலைப்பொழுது போய்விடும்.

எதைக் கவனிப்பது என்று திகைக்க வேண்டாம். முதலில் சொற்கள் புரிகின்றனவா என்று பாருங்கள். புதிதாகக் கேட்பவரால் மட்டுமே செய்யக்கூடிய உதவி இதுதான். பாடல் வரிகள் மனப்பாடமாக இருப்பவரின் காது, இசைக்கருவிகளின் ஓசையில் மறைந்துபோன சொல்லைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். வரிகளை வாங்கிப் படிக்காமல் கேளுங்கள். புரியாத இடத்தில் உங்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுங்கள். அது சிரிப்பை வரவழைப்பதாக இருந்தாலும் பரவாயில்லை, குரல் எங்கே மறைகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கருவியும் காட்டிவிடாது.

பிறகு குரலின் பதிவைக் கவனியுங்கள். பகரத்தில் தொடங்கும் சொற்களில் காற்று மைக்கில் மோதி "புஸ்" என்று இடிக்கிறதா, சகர, ஸகர ஒலிகள் காதைக் கீறுகின்றனவா என்று பாருங்கள். இந்தக் கீறல் பெரும்பாலும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கும். குரல் அளவுக்கு மீறிக் கனத்து உறுமினால் பாடியவர் மைக்குக்கு மிக அருகில் நின்றிருக்கலாம். குரல் ஒரு வெற்றறையின் மறுமூலையிலிருந்து வருவதுபோல் இருந்தால், அது மிக்ஸிங்கில் சேர்த்த ரிவெர்பாக (செயற்கை எதிரொலி) இல்லாமல் சுவர்களில் பட்டுத் திரும்பிய எதிரொலியாக இருக்கலாம். மிக்ஸிங்கில் சேர்த்த ரிவெர்பைக் குறைப்பது எளிது, அறையின் எதிரொலியைப் பதிவிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

தாளத்தில் ஒரு நுட்பம் உண்டு. குரல் பாடல் முழுவதும் ஒரே அளவில் பின்தங்கி வந்தால், பதிவின்போது கணினியில் ஏற்பட்ட லேட்டன்சி (ஒலி கணினிக்குள் போய்வர ஆகும் சிறு தாமதம்) காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். டிராக்கைச் சற்று முன்னால் நகர்த்தினாலே சரியாகிவிடும். ஓரிடத்தில் மட்டும் பின்தங்கினால் அது பாடியதில் நேர்ந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "தாளம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால், கணினியின் குற்றத்துக்காகப் பாடியவர் தம்மை நொந்துகொள்வார்.

அமைதியான இடங்களில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். மின்சாரத்தின் ரீங்காரம் (நாட்டுக்கேற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அவற்றின் மடங்குகளும்), ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்கில் பதிந்த மெட்ரோனோமின் (தாளம் காட்டும் கருவி) "டிக், டிக்", இரண்டு டேக்குகளை (ஒரே பகுதியை வெவ்வேறு முறை பாடிய பதிவுகள்) ஒட்டிய இடத்தின் சொடுக்கு, பாதியில் வெட்டுப்பட்ட மூச்சு ஆகியவை அங்கேதான் அகப்படும். உரத்த இடங்களில் ஒலி கரகரத்து உடைந்தால், பதிவின்போதே அளவு மீறியிருக்கலாம். அதைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம் என்பதால் இந்த ஒன்றை மட்டும் எந்தக் கட்டத்திலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

நன்றாக அமைந்தவற்றையும் இதே கவனத்தோடு, இதே விநாடிக் கணக்கோடு குறியுங்கள். பாராட்டு வெறும் உபசாரமாக நின்றுவிடுவதில்லை. கேட்பவருக்குப் பிடித்த இடம் எது என்று தெரியாவிட்டால், அடுத்த திருத்தத்தில் நண்பர் அதையே வெட்டிவிடக்கூடும்.

ஐந்தாம் படி: வடிகட்டுங்கள்

இப்போது கையில் பத்துப் பதினைந்து குறிப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் அனுப்பாதீர்கள். எவை பதிவின் குறைகள், எவை உங்கள் ரசனை என்று முதலில் பிரியுங்கள். சொடுக்கு ஓசை குறை. கிட்டாருக்குப் பதிலாக வீணை இருந்திருக்கலாம் என்பது ரசனை. நீங்கள் விரும்பிக் கேட்காத இசை வகையாக இருந்தால் இந்தக் கோடு எளிதில் அழிந்துவிடும், ஏனெனில் ராக் இசையில் வேண்டுமென்றே உடைத்த கிட்டார் ஒலி, மெல்லிசை மட்டுமே கேட்டுப் பழகியவருக்குப் பிழையாகவே படும்.

மிஞ்சுவனவற்றில், கேட்பவரின் கவனத்தை உண்மையிலேயே கலைக்கும் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிவை அனுப்பியவருக்கு இரண்டே போதும் என்பது என் கருத்து. பல ஆண்டுகளாகப் பதிவு செய்பவர் முழுப் பட்டியலையே கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆறாம் படி: எழுதுங்கள்

கேட்டது, அதன் விளைவு, தேவைப்பட்டால் காரணம் பற்றிய ஊகம், கடைசியில் ஒரு யோசனை என்ற வரிசையில் எழுதினால் வாக்கியம் தானாகவே பணிவாக அமைந்துவிடும். "கம்ப்ரெஸர் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவி) அதிகமாகிவிட்டது" என்று காரணத்தில் தொடங்கினால், ஊகம் தவறாக இருக்கும்போது கருத்து முழுவதுமே மதிப்பிழந்துவிடும். அவர் கம்ப்ரெஸரைத் தொடாமலே இருந்திருக்கலாம். "பல்லவியில் எதிர்பார்த்த எழுச்சி கிடைக்கவில்லை, சரணமும் பல்லவியும் ஒரே அளவில் ஒலிக்கின்றன" என்றால் காரணம் எதுவாயினும் அவரால் தேடிக்கொள்ள முடியும்.

குறையைப் பதிவின்மீது வையுங்கள், ஆளின்மீது வைக்காதீர்கள். சுருதி விலகலைச் சொல்லும்போது இன்னும் கவனம் தேவை, ஏனெனில் கிட்டாரைக் குறை சொன்னால் தாங்கிக்கொள்பவர்கள்கூடக் குரலைக் குறை சொன்னால் வாடிவிடுவார்கள். "உங்களுக்குச் சுருதி நிற்கவில்லை" என்பதற்கு மாறாக, "2:05-இல் மேல்ஸ்தாயியில் நீட்டும் இடத்தின் முடிவில் சுருதி சற்று இறங்குவதுபோல் கேட்கிறது, அந்த வரிக்கு வேறு டேக் இருக்கிறதா?" என்று எழுதலாம், அதையும் மற்றவர்கள் படிக்கும் இடத்தில் எழுதாமல் தனியாக அனுப்புவது நல்லது. விலை உயர்ந்த மைக் வாங்கச் சொல்லும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அவர் கையில் இருக்கும் கருவியைக் கொண்டு செய்யக்கூடியதைச் சொல்வதே கருத்து.

முழுக் குறிப்பு ஒன்று ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"பாடலை ஹெட்போனிலும் கைபேசி ஸ்பீக்கரிலும் கேட்டேன். கிட்டார் தனியாகத் தொடங்கி, 0:18-இல் குரல் நுழையும் இடம் மிகவும் பிடித்தது. அங்கே வேறு எதையும் சேர்க்காமல் விட்டதால் முதல் வரி நேராக மனத்தில் பதிகிறது. 1:12 முதல் 1:30 வரை, கீபோர்டு சேர்ந்த பிறகு, இரண்டாம் வரியில் வருவது 'கரை' என்பதா 'கதை' என்பதா என்று இரண்டு சாதனங்களிலும் தெரியவில்லை. குரலும் கீபோர்டும் ஒரே பகுதியில் மோதுகின்றனவோ என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் மட்டும் கீபோர்டைச் சற்றுக் குறைத்துக் கேட்டுப் பார்க்கிறீர்களா? 2:40-இல் ஒரு சிறு சொடுக்கு கேட்கிறது, ஒட்டிய இடமாக இருக்கலாம். இறுதியில் வரும் ஹம்மிங் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்பது என் ரசனை மட்டுமே, அதைப் பொருட்படுத்த வேண்டாம்."

இதில் கலைச்சொல் எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இதைப் படித்தவருக்கு இன்றே உட்கார்ந்து செய்ய இரண்டு வேலைகள் இருக்கின்றன, தொடக்கூடாத இடம் ஒன்றும் தெரிந்துவிட்டது.

ஏழாம் படி: அனுப்பிய பிறகு

நண்பர் உங்கள் யோசனையை ஏற்காமல் போகலாம். ஏன் அப்படி வைத்தார் என்று விளக்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம், பாடல் அவருடையது. அவர் கேட்காமல் அவருடைய டிராக்குகளை நீங்களே மாற்றியமைத்து, "இப்படி இருந்தால் எப்படி?" என்று அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், பதிவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போலவே அவருக்குத் தோன்றும்.

திருத்திய பதிப்பு வந்தால், பழையதையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். நீங்கள் சொன்ன இடம் சரியாகியிருக்கிறதா என்பதோடு, அதனால் வேறு எதுவும் கெட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குரல் தெளிவதற்காகக் கீபோர்டைப் பாடல் முழுவதும் குறைத்திருந்தால், குரலே இல்லாத இடையிசை இப்போது வெறுமையாகக் கேட்கக்கூடும். அப்படியானால் சரணத்தில் மட்டும் குறைத்து, இடையிசையில் பழைய அளவுக்கே கொண்டுவரலாம் என்று அந்த விநாடிகளைக் குறித்து அனுப்புங்கள். இந்த முறை புதிய குறைகளைத் தேடி எடுக்க வேண்டாம்.